மூன்றாம் நாள் எக்கோ

மாரடைப்பு வந்தவருக்கு ரத்தக்கட்டியைக் கரைக்கும் ஊசி போட்டாயிற்று. வலி நின்றுவிட்டது, வியர்வை அடங்கிவிட்டது, "ஒரு வாய் காபி கொடுங்க" என்று கேட்கிறார். பெரிய மகன் வேலைக்குத் திரும்பிவிட்டார். சின்ன மகன் டிஸ்சார்ஜ் எப்போது என்று நர்ஸ் அம்மாவிடம் விசாரிக்கிறார். காவேரிப்பட்டினத்துக்காரர்களே, இந்த நேரத்தைப் பற்றித்தான் உங்களிடம் பேச வேண்டும். கண்டம் தாண்டியாயிற்று என்று வீடே மூச்சுவிடும் இந்த நாட்களில்தான் சிலருடைய இதயம் கிழிகிறது. பேச்சுக்குச் சொல்லவில்லை. உண்மையிலேயே கிழிகிறது.

ரத்தக்குழாய் அடைத்தால், அதை நம்பியிருந்த இதயத் தசை சாகிறது. செத்த தசையை உடம்பு அப்படியே விட்டுவைப்பதில்லை. வெள்ளணுக்கள் வந்து அதைக் கரைத்து அப்புறப்படுத்தும். அதற்குப் பிறகுதான் தழும்பு கட்டி அந்த இடம் கெட்டிப்படும். கரைந்தும் போய், கெட்டியும் படாத இடைப்பட்ட நாட்களில் சுவர் நைந்து கிடக்கும். அந்த நைந்த இடத்தின் மீதுதான் நிமிடத்துக்கு எண்பது முறை உள்ளிருந்து அழுத்தம் விழுகிறது. முதல் 24 மணி நேரத்துக்குள்ளேயே கிழிவதும் உண்டு, மூன்றாம் நாள் முதல் ஐந்தாம் நாள்வரை கிழிவதும் உண்டு. இரண்டு வாரம்வரை அந்தப் பயம் விடாது.

கிழியும் இடத்தைப் பொறுத்து ஆபத்தின் முகம் மாறும். வெளிச்சுவர் கிழிந்தால் இதயத்தைச் சுற்றியுள்ள உறைக்குள் ரத்தம் பாய்ந்து இதயத்தையே நெருக்கிவிடும். பேசிக்கொண்டிருந்தவர் சட்டென்று சாய்வார். மானிட்டரில் கோடு ஓடிக்கொண்டிருக்கும், கையில் நாடி இருக்காது. சிலருக்கு மட்டும் கிழிசல் சிறியதாக இருந்து, கசிந்த ரத்தமே உறைந்து தற்காலிகமாக அடைத்துக்கொள்ளும். நேரம் கிடைப்பது அந்தச் சிலருக்குத்தான். இடது, வலது கீழறைகளுக்கு நடுவிலுள்ள சுவர் கிழிந்தால், உடம்புக்குப் போக வேண்டிய ரத்தம் துளை வழியாக வலப்பக்கம் புகுந்து நுரையீரலை நிறைக்கும். மூன்றாவது, மைட்ரல் வால்வை இழுத்துப் பிடித்திருக்கும் சிறு தசை. அது அறுந்தால் ஒவ்வொரு துடிப்பிலும் ரத்தம் நுரையீரல் பக்கமே திரும்பி அடிக்கும். அங்குள்ள இரண்டு தசைகளில் பின்புறத் தசைக்குப் பெரும்பாலும் ஒரே குழாயிலிருந்துதான் ரத்தம் வருகிறது. அதனால் அறுவது பெரும்பாலும் அதுதான். அதுவும், "கீழ்ச்சுவரில்தான் அட்டாக், சின்னதுதான்" என்று யாரோ ஆறுதல் சொல்லி அனுப்பிய நோயாளிக்கு.

இனி, இரவு டூட்டியில் இருக்கும் தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும் சொல்வது. நள்ளிரவில் நர்ஸ் கூப்பிடுகிறார். மூன்று நாளுக்கு முன் ஊசி போட்ட மனிதருக்கு மூச்சு வாங்குகிறது, பிரஷர் 80-க்கு இறங்கிவிட்டது. கை தானாக எங்கே போகும் என்று எனக்குத் தெரியும். பிரஷர் ஏற்றும் மருந்தைச் சொட்டவிட்டு, "பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர்" என்று எழுதி, வண்டி ஏற்றுவது. வேண்டாம், ஐந்து நிமிடம் பொறுங்கள். பிரஷர் இறங்கியது என்ற ஒரே சேதிக்குப் பின்னால் ஒன்றுக்கொன்று எதிரான காரணங்கள் உட்கார்ந்திருக்கின்றன. வலது அறை அடிபட்டிருந்தால் பெரும்பாலும் சலைன் ஏற்ற வேண்டியிருக்கும், நைட்ரேட் கொடுத்தால் ஆளையே கவிழ்த்துவிடும். இடது அறை மொத்தமாக ஓய்ந்திருந்தால் அதே சலைன் நுரையீரலை மூழ்கடிக்கும். உறைக்குள் ரத்தம் தேங்கியவருக்கு லேசிக்ஸ் போட்டால் மிச்சமிருந்த பிரஷரும் போய்விடும். துளை விழுந்தவருக்கும் வால்வு அறுந்தவருக்கும் பிரஷர் தாங்கும் அளவுக்குக் குழாய்களைத் தளர்த்தி இதயத்தின் சுமையை இறக்க வேண்டும், பெருநாடிக்குள் பலூன் பம்ப் வைக்க வேண்டும். இன்னும் சிலருக்கு இதயத்தின் நுனி மட்டும் செயலிழந்திருக்கும். அடிப்பகுதி அளவுக்கு மீறி அடித்துக்கொண்டு ரத்தம் வெளியேறும் வழியையே மறித்துக்கொண்டிருக்கும். அவர்களுக்கு டோபுடமின் ஏற்றினால் மறிப்பு இன்னும் இறுகும். இவற்றில் எது என்று இ.சி.ஜி. தாள் உறுதியாகச் சொல்லாது. ட்ரோபோனின் சொல்லாது. படுக்கைக்கே கொண்டுவந்து வைக்கும் எக்கோ சொல்லும்.

ஸ்டெதஸ்கோப்பை விட்டுவிடச் சொல்லவில்லை. நடுச்சுவர் கிழிந்தவரின் மார்பெலும்பின் இடது ஓரத்தில் உள்ளங்கையை வைத்தால் பலருக்கு அதிர்வு கையில் தட்டும். நேற்றில்லாத முரட்டு இரைச்சல் இன்று காதில் விழும். ஆனால் தசை அறுந்து வால்வு முழுதாகத் திறந்துவிட்டவரிடம் இரைச்சல் மெலிதாக இருக்கும், சில நேரம் கேட்கவே கேட்காது. இரண்டு அறைகளின் அழுத்தமும் சமமாகிவிட்டால் சத்தம் எங்கிருந்து வரும்? எனவே இரைச்சல் கேட்கவில்லை என்று கேஸ் ஷீட்டில் எழுதிவிட்டு நிம்மதியாகப் போய்ப் படுக்காதீர்கள்.

எக்கோ போடும்போது அவசரத்தில் ஒரே கோணத்தில் பார்த்து முடிக்காதீர்கள். நோயாளியால் இடப்பக்கம் ஒருக்களிக்க முடியாது, மூச்சு முட்டும். மல்லாந்தபடியே இருக்கட்டும். விலா எலும்புகள் கூடும் இடத்துக்குக் கீழே, மேல்வயிற்றில் ஜெல்லைத் தடவி, கருவியைப் படுக்கவைத்துத் தலைப்பக்கம் நோக்கிப் பாருங்கள். இதயத்தைச் சுற்றிக் கறுப்பாக ஒரு வளையம் தெரிகிறதா? அந்தக் கறுப்புக்குள் சாம்பல் நிறத்தில் கட்டிகட்டியாக ஏதாவது அசைகிறதா? அசைந்தால் அது வெறும் நீர் இல்லை, உறைந்துகொண்டிருக்கும் ரத்தம். அடுத்ததாக நடுச்சுவரின் மேல் கலர் டாப்ளரைப் போட்டு, அடியிலிருந்து நுனிவரை அங்குலம் அங்குலமாக நகர்த்துங்கள். முன்சுவர் அட்டாக் என்றால் துளை பெரும்பாலும் நுனிப்பக்கம் இருக்கும். கீழ்ச்சுவர் அட்டாக் என்றால் பின்னடியில் ஒளிந்திருக்கும். அங்கே கிழிசல் நேராக இல்லாமல் வளைந்து நெளிந்து ஓடும், கறுப்பு வெள்ளைப் படத்தில் கண்ணுக்குச் சிக்காது. கலரைப் போட்டதும் சுவரின் இடப்புறத்திலிருந்து வலப்புறம் பல நிறம் கலந்த பீச்சல் ஒன்று பாயும். அதைப் பார்த்துவிட்டால் பிறகு சந்தேகத்துக்கு இடமில்லை. மைட்ரல் வால்வில் இதழ் ஒன்று கட்டறுந்து மேலறைக்குள் புரண்டு புரண்டு விழுகிறதா, அதன் நுனியில் தசைத் துண்டு ஒட்டிக்கொண்டு ஆடுகிறதா என்றும் பாருங்கள். மார்பின் வழியாகப் படம் தெளியவில்லை, சந்தேகம் மட்டும் விடவில்லை என்றால், உணவுக்குழாய் வழியாகப் பார்க்கும் எக்கோ எங்கே உண்டோ அங்கே சொல்லி வையுங்கள்.

"எக்கோ முதல் நாளே பார்த்தாயிற்றே, சார்" என்று ஒரு பதில் வரும். இந்தப் பதில்தான் ஆளைக் கொல்கிறது. முதல் நாள் ரிப்போர்ட் முதல் நாள் இதயத்தைப் பற்றியது. அன்றைக்குச் சுவர் முழுதாக இருந்தது, ரிப்போர்ட்டும் அப்படித்தான் சொன்னது. மூன்றாம் நாள் பிரஷர் இறங்கினால், புதிதாக மூச்சு வாங்கினால், நின்ற வலி திரும்பினால், காரணமில்லாமல் வாந்தியும் பதைப்பும் வந்தால், பழைய ரிப்போர்ட்டை ஃபைலிலேயே விடுங்கள், எக்கோ மெஷினை மறுபடி உருட்டிக்கொண்டு வாருங்கள். டெக்னீஷியன் காலையில்தான் வருவார் என்பது ஆஸ்பத்திரியின் வசதி. கிழிந்த சுவர் காலைவரை காத்திருக்காது. இந்த மூன்று கிழிசல்களையும் கண்டுகொள்ளும் அளவுக்கு எக்கோ பார்க்க டூட்டி டாக்டர்கள் எல்லோருமே பழகிக்கொள்ளலாம். பழகியே ஆக வேண்டும்.

எவ்வளவு பேருக்கு இது வரும் என்று கேட்டால், மிகக் குறைவுதான். ரத்தக்கட்டியைக் கரைக்கும் மருந்து வருவதற்கு முன்பு மாரடைப்பு வந்த நூறு பேரில் ஒருவர் முதல் மூன்று பேருக்கு நடுச்சுவர் கிழிந்தது. அந்த மருந்து கொடுக்கப்பட்ட 41,021 பேரைப் பின்தொடர்ந்த கஸ்டோ என்ற பன்னாட்டு ஆய்வில் அது 0.2 விழுக்காடாக இறங்கியிருந்தது. ஆனால் அதே ஆய்வின் மறுபக்கத்தையும் பாருங்கள். சுவர் கிழிந்து, அறுவைச் சிகிச்சை செய்யாமல் மருந்தை மட்டும் நம்பியவர்களில் 94 விழுக்காட்டினர் ஒரு மாதத்துக்குள் இறந்துபோனார்கள். அறுவை செய்துகொண்டவர்களில் 47 விழுக்காட்டினர். அறுவை செய்தும் பாதிப்பேர் போகிறார்களே என்று கைவிரிப்பவர்கள் உண்டு. செய்ததால் பாதிப்பேர் பிழைத்தார்கள் என்று அதையே படிக்கலாம். நான் அப்படித்தான் படிக்கிறேன்.

எப்போது கத்தி வைப்பது என்பதில் அறுவை மருத்துவர்களுக்குள்ளேயே வழக்கு தீரவில்லை. அமெரிக்காவில் 1999 முதல் 2010 வரை இந்த அறுவை செய்துகொண்ட 2,876 பேரின் கணக்கில், ஏழு நாளைக்குள் செய்தவர்களில் 54 விழுக்காட்டினரும், ஏழு நாள் கடந்து செய்தவர்களில் 18 விழுக்காட்டினரும் இறந்திருக்கிறார்கள். அப்படியானால் எல்லோரையும் ஒரு வாரம் காக்கவைத்தால் போதுமே என்று கிளம்பிவிடாதீர்கள். ஒரு வாரம் தாக்குப்பிடித்தவர்கள் முதலிலேயே திடமாக இருந்தவர்கள், தாக்குப்பிடிக்காதவர்கள் இரண்டாவது கணக்கில் வரவே இல்லை. காத்திருக்கலாமா கூடாதா என்பதை இதய அறுவை நிபுணரும் இதய மருத்துவரும் எக்கோ படத்தை நடுவில் வைத்துக்கொண்டு முடிவு செய்யட்டும். உங்கள் வேலை அந்தப் படத்தை அவர்கள் முன் சேர்ப்பது.

வீட்டார் பக்கம் வருகிறேன். கிழிகிற இதயங்களில் பல, தாமதமாக ஆஸ்பத்திரிக்கு வந்த இதயங்கள். ரத்தக்குழாய் சீக்கிரம் திறந்தால் சாகும் தசையும் குறையும், சுவரும் தப்பும். இங்கே நாம் என்ன செய்கிறோம்? நெஞ்சை அடைக்கிறது என்றால் வாயு என்கிறோம். மத்தியானம் நாலு நிப்பட்டு கூடுதலாகத் தின்றதுதான் காரணம் என்று சோடா வாங்கிக் கொடுக்கிறோம். மாங்காய் சீசன் என்றால் கேட்கவே வேண்டாம். மாங்கூழ் தொழிற்சாலை வாசலில் பெங்களூரா மாங்காய் ஏற்றிய வண்டிகள் வரிசையில் நிற்கும். லோடு இறக்கும் ஆள் தோள்பட்டையும் இடது கையும் வலிக்கிறது என்று சொன்னால், மூட்டை தூக்கிய வலி என்று தைலம் தேய்த்துவிட்டு மறுபடி வண்டிக்கு அனுப்புகிறோம். அதிலும் தேறவில்லை என்றால் பக்கத்து கிளினிக்கில் வலி ஊசி. ஐயா, நெஞ்சு வலிக்குக் காரணம் தெரியாமல் டைக்ளோஃபெனாக் ஊசி போட்டுக்கொள்ளாதீர்கள். மாரடைப்பு வந்தவருக்கு அந்த வகை வலிமருந்துகளையும் ஸ்டீராய்டையும் தவிர்க்கச் சொல்லித்தான் மருத்துவ வழிகாட்டிகள் எச்சரிக்கின்றன. ஒரு நாளோ இரண்டு நாளோ இப்படிக் கழித்துவிட்டு வருகிறவரின் இதயச் சுவர் வரும்போதே நையத் தொடங்கியிருக்கும். பன்னிரண்டு மணி நேரத்துக்கு மேல் தாமதித்து வந்தவருக்குக் கட்டி கரைக்கும் மருந்தால் பலன் குறைவு, ஆபத்து கூடுதல்.

வயதான பெண்கள் விஷயத்தில் இன்னும் கவனம் வேண்டும். முதல் அட்டாக், வயது எழுபதுக்கு மேல், பெண், நெடுநாள் பிரஷர் உள்ளவர் என்றால் கிழியும் வாய்ப்பு கூடுதல். நம் வீடுகளில் பாட்டியின் நெஞ்சு வலியைக் கடைசியாகத்தானே காதில் வாங்குகிறோம்? "வயசாயிடுச்சு, அப்படித்தான் இருக்கும்" என்று சொல்லும் மகன்களே, அந்த வாக்கியத்தை இன்றோடு விட்டுவிடுங்கள்.

வழியில்லாமல் இல்லை. 2023 ஜூன் 27 அன்று தமிழக அரசு தொடங்கிய இதயம் காப்போம் திட்டத்தில், ஆரம்ப சுகாதார நிலையத்திலும் துணை சுகாதார நிலையத்திலுமே முதல் மருந்து கிடைக்கிறது. ஆஸ்பிரின், குளோபிடோக்ரெல், அட்டோர்வாஸ்டாடின் மூன்றும் சேர்ந்து பதினான்கு மாத்திரைகள். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தை 2021 ஆகஸ்ட் 5 அன்று தொடங்கிவைத்ததே நம் மாவட்டத்துச் சாமனப்பள்ளியில்தான். அந்தத் திட்டத்தில் வீட்டுக்கே வரும் அக்காவிடம் பிரஷர் மாத்திரையை வாங்கிப் பரணில் போட்டுவைத்தால் அது என்ன செய்யும்? கிருஷ்ணகிரியில் 2022 ஜனவரியில் மருத்துவக் கல்லூரி திறந்தாயிற்று. தர்மபுரியில் 2008 முதல் இருக்கிறது. கோவையின் தாமஸ் அலெக்சாண்டரும் சென்னையின் அஜித் முல்லசாரியும் சேர்ந்து தமிழ்நாட்டில் நடத்திய ஸ்டெமி என்ற மாரடைப்புச் சிகிச்சைத் திட்டம், சிறிய ஆஸ்பத்திரிகளை, ரத்தக்குழாய் அடைப்பைத் திறக்கும் கேத் லேப் உள்ள பெரிய ஆஸ்பத்திரியோடு 108 ஆம்புலன்ஸ் வழியாகக் கோத்துக் காட்டியது. 2,420 நோயாளிகளைக் கொண்ட அந்த ஆய்வு 2017-இல் வெளிவந்தது. ஓராண்டுக்குள் இறப்பவர்கள் 17.6 விழுக்காட்டிலிருந்து 14.2 விழுக்காடாகக் குறைந்திருந்தார்கள். கோத்து வைத்ததற்கே அவ்வளவு பலன்.

ஆனால் கையெழுத்துப் போட்டு நோயாளியை வீட்டுக்குக் கூட்டிப்போகும் வழக்கம் நம்மிடம் இருக்கிறதே, அதற்கு எந்தத் திட்டமும் மருந்தில்லை. வலி நின்றது என்று இரண்டாம் நாளே கிளம்பாதீர்கள். வீட்டில் விசேஷம், சீசன் வேலை, கரும்பு வெட்டு, எதுவானாலும் சரி. மருத்துவர் படுத்திருக்கச் சொன்ன நாளில் அவர் படிக்கட்டு ஏற வேண்டாம், கழிவறையில் முக்க வேண்டாம், வாளி தூக்க வேண்டாம். அவர் பக்கத்தில் இருப்பவர் ஒன்றைத் தயங்காமல் கேட்கலாம்: "நேத்து மாதிரி இல்லைங்க டாக்டர், எக்கோ இன்னொரு தடவை பார்க்கலாங்களா?" படிக்காதவர் கேட்டாலும் நியாயமான கேள்வி. இதற்காக முகம் சுளிக்கும் மருத்துவர் முகத்தைச் சரிசெய்துகொள்ளட்டும்.

ஓசூர் சிப்காட்டில் வேலை பார்க்கிறவர்களுக்கு இந்தக் கருவி அந்நியமானதில்லை. வார்ப்பிலும் வெல்டிங்கிலும் உள்ளே கீறல் இருக்கிறதா என்று அல்ட்ராசோனிக் கருவியை வைத்துப் பார்க்கும் இன்ஸ்பெக்டரை அங்கே பலருக்குத் தெரியும். இதய எக்கோ பிறந்ததே அந்த வேலையிலிருந்துதான். சுவீடனின் லுண்ட் நகரில் இங்கெ எட்லர் என்ற மருத்துவரும் ஹெல்முட் ஹெர்ட்ஸ் என்ற இயற்பியலாளரும், மால்மோ கப்பல் கட்டும் தளத்தில் உலோகக் குறை தேடும் கருவியைப் பார்த்துச் சோதித்துவிட்டு, சீமென்ஸ் நிறுவனத்தின் அத்தகைய கருவி ஒன்றைக் கடன் வாங்கி 1953 அக்டோபர் 29 அன்று துடிக்கும் இதயத்தின் அசைவைப் பதிவுசெய்தார்கள். ஒரு பாகத்தில் கீறல் இருந்தால் லாட்டையே நிறுத்திவைக்கும் தொழிற்சாலைகள், லைனில் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்காரும் ஒப்பந்தத் தொழிலாளியை ஷிஃப்ட் முடியும்வரை உட்காரவைக்கக் கூடாது. சூப்பர்வைசர் ஐயாக்களே, கேட் பாஸுக்கு யார் கையெழுத்து என்று தேடும் நேரத்தில் 108-ஐக் கூப்பிட்டிருக்கலாம்.

இந்த வட்டாரத்தில் ஸ்கேன் மெஷின் என்றாலே வேறொரு நினைப்பும் வரும். பெண் சிசுக்கொலையைத் தடுக்க 1992-இல் தொட்டில் குழந்தைத் திட்டத்தைச் சேலத்தில் தொடங்க வேண்டியிருந்த பூமி இது. கைக்கு அடக்கமான கருவியோடு வீடுவீடாகப் போய்க் கருவில் இருப்பது ஆணா பெண்ணா என்று சொல்லிக் காசு பார்த்துப் பிடிபட்டவர்கள் தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் இருக்கிறார்கள். அதனால்தான் கருவின் பாலினம் பார்ப்பதைத் தடுக்கும் 1994-ஆம் ஆண்டுச் சட்டம் கடுமையாக இருக்கிறது, எக்கோ மெஷினையும் பதிவுசெய்தே வைத்திருக்க வேண்டியிருக்கிறது. இருக்கட்டும், இருக்க வேண்டியதுதான். ஆனால் பதிவுக்கும் படிவத்துக்கும் சோம்பி, மெஷினே வேண்டாம் என்று இருக்கும் ஆஸ்பத்திரிகளை இதைச் சாக்காகச் சொல்ல விடக் கூடாது. வாங்கிய மெஷினை ஆறு மணிக்கு மேல் அறையில் பூட்டிச் சாவியை வீட்டுக்கு எடுத்துப்போகும் நிர்வாகிகளையும் விடக் கூடாது. பெண் சிசுவைக் கொல்ல இரவிலும் கருவி கிடைத்த ஊரில், உயிர் காக்க அது பகலில் மட்டும்தான் கிடைக்கும் என்றால் நாம் எந்த முகத்தோடு பேசுவது?

கடைசியாக, வண்டி ஏற்றும் விஷயம். எக்கோவில் கிழிசல் தெரிந்துவிட்டது. இனி இந்த நோயாளிக்குக் கேத் லேப் மட்டும் போதாது, இதய அறுவை அரங்கு வேண்டும். காவேரிப்பட்டினத்திலிருந்து தெற்கே சேலமும் வடக்கே பெங்களூரும் ஏறத்தாழ ஒரே தூரம், நூறு கிலோமீட்டரை ஒட்டி. பெங்களூரின் ஜெயதேவா இதய ஆஸ்பத்திரி பெயர் இந்தப் பக்கம் எல்லோர் வாயிலும் இருப்பதால் கண்ணை மூடிக்கொண்டு வடக்கே திருப்பிவிடுகிறோம். கிருஷ்ணகிரி டோல்கேட், ஓசூர் நெரிசல், அத்திப்பள்ளி எல்லை எல்லாம் கடந்து போய்ச் சேர்ந்தபின், இங்கே இப்போது இடமில்லை என்றால் அந்த மனிதர் என்ன ஆவார்? ஆகவே முதலில் போன். போனில் பேசுவது மருத்துவரும் மருத்துவரும். ஆம்புலன்ஸ் டிரைவரிடம் சொல்லி அனுப்புவது இல்லை. அடைப்பு எந்தச் சுவரில், எத்தனை மணிக்கு, எந்த மருந்து எப்போது போட்டது, ரத்தம் உறையாமல் இருக்க என்ன கொடுத்தது, கிழிசல் எங்கே, துளை எத்தனை மில்லிமீட்டர், இப்போது பிரஷர் எவ்வளவு, சிறுநீர் போகிறதா என்று சொல்லுங்கள். எக்கோ வீடியோவை வாட்சப்பில் அனுப்பிவிட்டு, அவர்கள் பார்த்துவிட்டார்களா என்று கேளுங்கள். வீட்டார் அதற்குள் ரத்தப் பிரிவையும் காப்பீட்டு அட்டையையும் எடுத்து வைக்கட்டும். அந்த அட்டை எல்லை தாண்டிச் செல்லுமா என்பதையும் இங்கேயே கேட்டுத் தெரிந்துகொள்ளட்டும். வண்டியில் ஒரு மருத்துவராவது பயிற்சி பெற்ற நர்ஸாவது ஏறட்டும், ஆக்சிஜன் சிலிண்டர் நிறைந்திருக்கிறதா என்று மீட்டரைப் பார்த்துச் சொல்லட்டும். எதிர்முனையில் இருப்பவரிடம் இரண்டே கேள்வி: "உங்ககிட்ட இதய அறுவை நிபுணர் இன்னைக்கு ராத்திரி இருக்காரா? பலூன் பம்ப் காலியா இருக்கா?" இரண்டுக்கும் ஆம் என்று பதில் வந்தபின் வண்டியைக் கிளப்புங்கள். வரவில்லை என்றால் அடுத்த நம்பரை அழுத்துங்கள்.